எண்ணிக்கையும் வகையும்

ஆறு வருடங்கள் நான் நன்மை வாங்கவில்லை. கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இதை முதலில் விளக்கிவிட வேண்டும். பூசையில் சாமியார் தரும் அப்பத்தை நாவில் வாங்கிக்கொள்வதைத்தான் நாங்கள் நன்மை வாங்குவது என்போம். சாவான பாவத்தை, அதாவது ஆன்மாவையே சாகடிக்கும் கனமான பாவத்தை, மனத்தில் வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது. அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதாவது மரக்கூண்டின் வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சாமியாரிடம் செய்த பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும். எப்படிச் சொல்வது என்று ஞானோபதேச வகுப்பில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். என்ன வகைப் பாவம் என்று சொல்ல வேண்டும், எத்தனை தடவை என்றும் சொல்ல வேண்டும். வகுப்பிலிருந்த மற்றவர்கள் இதைக் கேட்டுவிட்டு விளையாடப் போனார்கள். நான் எழுதி வைத்துக்கொண்டேன்.

பிற்காலத்தில் எனக்குக் கிடைத்த உத்தியோகமும் அதற்குத் தோதாகவே இருந்தது. திருச்சியில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலை. பதிவுக்கு வரும் பத்திரங்களைப் பெரிய புத்தகத்தில் கையால் நகல் எழுதுவார்கள். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், நான் நகலின் மேல் விரலை ஓட்டியபடி சரிபார்ப்பேன். அடியில் 'ஒப்பிட்டவர்' என்று போட்டு என் கையெழுத்து. அரியமங்கலத்தில் ஒரு கிணற்றின் நாலில் ஒரு பங்கு, நகலில் மூன்றில் ஒரு பங்காக ஆகியிருந்ததை நான் கண்டுபிடித்த அன்று சார்பதிவாளர் தன் கையாலேயே எனக்கு டீயை நீட்டினார். "இவர் பார்த்துட்டா கோர்ட்டே பார்த்த மாதிரி" என்றார். ஒரே பழக்கத்துக்கு அலுவலகத்தில் டீயும் கோயிலில் திட்டும் கிடைக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எழுபதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை அது தொடங்கியது. கோபம் பன்னிரண்டு தடவை என்று சொல்லி மன்னிப்புப் பெற்று வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பாலக்கரை திருப்பத்தில், அலுவலகப் பியூனிடம் புதன்கிழமை எரிந்து விழுந்தது ஞாபகம் வந்தது. அப்படியானால் பதின்மூன்று. திரும்பிப் போய்த் திருத்தினேன். பங்குச்சாமியார் சிரித்தார். அடுத்த வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு முறை திரும்பிப் போனேன். சாமியார் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். அதன்பின், அவருக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாமே என்று, திருத்தங்களை வேறு கோயில்களுக்குக் கொண்டுபோனேன். எங்கள் ஊரில் கோயில்களுக்குப் பஞ்சமில்லை, பஸ் வசதியும் உண்டு. ஆனால் மூலத்தை ஓரிடத்திலும் திருத்தத்தை வேறிடத்திலும் பதிவு செய்தால் செல்லுமா என்ற கேள்வி பஸ்ஸிலேயே எழுந்துவிடும். அதனால் கொஞ்ச நாளில் மறுபடி எங்கள் கோயிலுக்கே திரும்பினேன்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். பாவசங்கீர்த்தனம் முழுமையாகவில்லை என்ற சந்தேகம் இருக்கும்வரை நன்மை வாங்குவதில்லை. சந்தேகம் ஆறு வருடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் வரிசையில் எழுந்து போகும்போது, நான் கடைசித் தூணுக்குப் பின்னால் ஜெபப் புத்தகத்தைப் பார்த்தபடி நிற்பேன்.

பங்கு மக்கள், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள், இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் ஒரு பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

"உங்களுக்கு இன்னொரு குடும்பம் இருக்குன்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கறாங்க" என்றாள், கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே.

"எனக்கா?"

"ஆறு வருஷமா ஒரு மனுஷன் நன்மை வாங்கலன்னா வேற என்னங்க நினைப்பாங்க? இருந்திருந்தாக்கூட ஒரு தடவை சொல்லி மன்னிப்பு வாங்கிட்டு வந்திருப்பீங்க. அந்தப் பாவத்துக்கு எண்ணிக்கை ஒண்ணுதானே?"

ஒன்று அல்ல, அது ஒவ்வொரு சந்திப்புக்கும் தனியாக எண்ணப்பட வேண்டியது என்று விளக்க வாயெடுத்தேன். அவள் கையில் கத்தி இருந்தது.

1984 ஜனவரியில் அவள் தன் தீர்மானத்தை அறிவித்தாள். மே மாதம் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைகிறது. கோயிலில் வெள்ளிவிழாப் பூசை வைக்க வேண்டும். தம்பதியைப் பீடத்துக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார வைப்பது வழக்கம். அங்கே தூண் கிடையாது.

"ரெண்டு பேரும் சேர்ந்து நன்மை வாங்கணும். நான் வாங்கி நீங்க வாங்காம உக்காந்திருந்தீங்கன்னா, ஊர் சொல்றது நிஜம்னு நானே நாற்காலி போட்டுக் காட்டின மாதிரி ஆயிடும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. பூசையும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்த வாரம் நான் மணப்பாறைக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியும். அவள் நோட்டுத் திருத்திக்கொண்டே சொன்னாள். சொல்லி முடித்து ஒரு நோட்டை மூடியபோது அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்த வாரத்து டயரியில் நான் அதைக் குறித்திருக்கிறேன்: 'கண்ணாடி, இரண்டு தடவை.'

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது முறையாகத் திரும்பிப் போனபோது பங்குச்சாமியார் கூண்டை விட்டே வெளியே வந்துவிட்டார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், முழங்கால் வலிக்காரர். என்னை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார்.

"இது இனிமே என் வேலை இல்லய்யா. டாக்டர் வேலை."

"பாவத்துக்கு மருந்தா சாமி?"

"பாவத்துக்கு இல்ல. நீங்க போடற கணக்குக்கு."

ஸ்ரீரங்கத்தில் ஒரு மனநல மருத்துவர் இருக்கிறார், பெங்களூரில் படித்துவிட்டு வந்தவர், மாத்திரையை மட்டும் நம்புகிறவரல்ல என்று சொன்னார். ஸ்ரீரங்கம் எனக்கு உடனே பிடித்துவிட்டது. எங்கள் பங்கைச் சேர்ந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். என் கணக்குகளில் தவறிய மிகச் சிலவற்றுள் அது ஒன்று.

செவ்வாய்க்கிழமைகளில் அலுவலகம் முடிந்ததும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி இறங்கி, உத்தர வீதியிலிருந்த டாக்டர் வீட்டுக்கு நடப்பேன். முன்னறைதான் கிளினிக். டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் திருமண், சட்டைப் பையில் மூன்று பேனா. முதல் நாள் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று, ஏனென்றால் நான் இரண்டு இடங்களில் திருத்தம் சொல்ல வேண்டியிருந்தது.

"எங்க வீதியில இதே வியாதி நிறைய உண்டு சார்" என்றார். "ஒருத்தர் பதினோரு தரம் தீர்த்தமாடுவார். தெருவே அவரை ஆசாரசீலர்னு கையெடுத்துக் கும்பிடறது, ஆத்துக்காரி மாத்திரம் அழறா. எங்களவாளுக்குத் தண்ணி, உங்களவாளுக்கு வார்த்தை. அவ்ளோதான் வித்தியாசம்."

"அவருக்கு எந்த மந்திரம் குறையுது டாக்டர்?"

"எதுவும் குறையலே. உங்களுக்கும் குறையலே. குறையறதுன்னு ஒரு எண்ணம் வர்றது. எண்ணம் வந்தா வந்துட்டுப் போறது. அதை நீங்க பத்திரமா எடுத்துண்டு பதிவு பண்றேள்."

பிறகு வைத்தியத்தைச் சொன்னார். ஒரு நோட்டு வாங்க வேண்டும். பக்கத்தை நான்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தொந்தரவு எப்போது வந்தது, அப்போது மனத்தில் ஓடிய எண்ணம் என்ன, அதை நூற்றுக்கு எவ்வளவு நம்பினேன், அதற்கு எதிராக என்ன சொல்லலாம். தினமும் எழுதி வாரா வாரம் கொண்டுவர வேண்டும். எழுதிப் பார்த்தால் எண்ணம் வேறு, உண்மை வேறு என்பது தானாகப் புலப்படும் என்றார்.

இவ்வளவு பொருத்தமான வைத்தியம் எனக்காகவே உலகத்தில் இருந்திருக்கிறது என்று நான் பூரித்துப்போனேன். டாக்டர் சொன்னது நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. நான் வாங்கியது இருநூறு பக்கக் கனத்த அட்டை நோட்டு. பக்கத்துக்கு எண் போட்டு, சிவப்பு மையில் கோடிழுத்து, பின்னால் எட்டுப் பக்கம் பொருளடைவுக்கு ஒதுக்கினேன். பகலில் துண்டுக் காகிதத்தில் குறித்து, மாலையில் நோட்டில் நகல் எழுதி, இரண்டையும் ஒப்பிட்டு, மூலையில் சுருக்கொப்பம் வைத்தேன்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை டாக்டர் அதைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"எண்பத்திரண்டரைன்னு போட்டிருக்கேளே. அந்த அரை எங்கேர்ந்து வந்தது?"

"எண்பத்திரண்டுன்னா குறைச்சுச் சொன்னதாயிடும் சார். எண்பத்து மூணுன்னா கூட்டிச் சொன்னதாயிடும்."

அவர் ஒரு பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, ஒன்றும் எழுதாமல் மூடினார்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் சில வாரங்கள் அந்த நோட்டு வேலை செய்தது. நான்காவது கட்டத்துக்கு நான் பிறவி வக்கீல். 'ஒரு பாவத்தைச் சொல்ல மறந்தேன், ஆகவே மன்னிப்புச் செல்லாது' என்பது எண்ணம், நம்பிக்கை தொண்ணூறு. 'உண்மையாகவே மறந்தது மன்னிப்பில் அடங்கும் என்று ஞானோபதேசத்திலேயே இருக்கிறது' என்பது எதிர்வாதம். எழுதி முடித்ததும் தொண்ணூறு ஐம்பத்தைந்தாக இறங்கியதை நானே உணர்ந்தேன். இரண்டு சனிக்கிழமைகள் திரும்பிப் போகாமல் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.  மனைவி கொடுத்த காபியில் சர்க்கரை கூடியிருந்தது.

பிறகு எதிர்வாதத்துக்கு ஒரு எதிர்வாதம் தோன்ற ஆரம்பித்தது. மறந்தது உண்மையாகவே மறந்ததா, மறக்க விரும்பியதா? அதை எழுத இடமில்லை. டாக்டரைக் கேட்காமல் ஐந்தாவதாக ஒரு கட்டம் சேர்த்தேன். தவக்காலம் தொடங்கியபோது ஏழு கட்டங்கள் ஆகியிருந்தன, நோட்டைப் படுக்கவைத்து எழுத வேண்டியிருந்தது.

"வைத்தியம் நடக்குதா, வியாதி நடக்குதா?" என்று மனைவி கேட்டாள்.

இதற்கிடையில் மாதா சபையின் தலைவியம்மாள், கொள்ளிடத்துக்கு அப்பால் யாரோ உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்புகையில், நான் ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, முகத்தைக் கைக்குட்டையால் துடைத்து, தலையை வாரிக்கொண்டு, உத்தர வீதிப் பக்கம் விரைந்து நடந்ததைப் பார்த்துவிட்டார். அடுத்த வாரமும் செவ்வாய்க்கிழமை பார்த்தார். இரண்டாவது தடவை அவருக்கு உறவினர் வீட்டில் என்ன வேலை என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

"ஸ்ரீரங்கத்துல வெச்சிருக்கீங்களாம்" என்றாள் மனைவி. "செவ்வாய்க்கிழமை முறையாம்."

"டாக்டர்னு சொல்ல வேண்டியதுதானே?"

"பைத்தியக்கார டாக்டர்கிட்ட போறார்னு சொல்றதா? இதுவாவது ஆம்பளை புத்தின்னு விட்டுடுவாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "ஐயங்கார் பொம்பளையாம் வேற. உங்களுக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம்னு ஒரு ஊரே நம்புது பாருங்க" என்றாள். சிரித்தாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் முதல் பூசைக்கே தனியாகப் போய்விட்டு வந்துவிட்டாள். கூட்டம் அதிகமாக வருவது இரண்டாவது பூசைக்குத்தான்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை துண்டுக் காகிதங்களைச் சரிபார்க்கும்போது ஒரு பிழையைக் கண்டேன். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் ஒரு எண்ணத்துக்கு அறுபது என்று சொல்லியிருந்தேன். மூலத்தில் எழுபது இருந்தது. மாலையே பஸ் ஏறினேன். டாக்டர் குடும்பத்தோடு பெருமாள் சேவிக்கக் கிளம்பி, வாசலில் செருப்பு மாட்டாமல் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்கு வியாழக்கிழமைன்னா?"

"போன செவ்வாய்க்கிழமை அறுபதுன்னு சொல்லிட்டேன் சார். அது எழுபது."

"சரி. எழுபது. வேற ஏதாவது விட்டுப்போச்சா?"

"ரெண்டு இடம்."

அவர் மனைவியையும் குழந்தைகளையும் முன்னால் போகச் சொல்லிவிட்டு, என்னை உள்ளே உட்கார வைத்தார். என் முகத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், நீங்க என்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிண்டிருக்கேள்" என்றார். "ரெண்டு மாசமா. எனக்கு இப்போதான் உறைக்கறது. இந்த நோட்டைக் கொடுத்தவன் நான்தான், தப்பு என் பேர்ல."

நான் அதற்குள் அடுத்ததையும் செய்திருந்தேன் என்பதை அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இதே போல முந்தைய வாரம் அவரிடம் தவறாகச் சொன்ன ஒரு எண்ணைச் சனிக்கிழமை கூண்டில் 'பொய், டாக்டரிடம், ஒரு தடவை' என்று சொல்லியிருந்தேன். வலைக்குப் பின்னாலிருந்து சாமியார், "இதுக்காகவாய்யா உங்களை அங்க அனுப்பினேன்?" என்று கேட்டிருந்தார்.

டாக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டார். பிறகு நோட்டை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். ரசீது கேட்கலாமா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

"எண்ணத்தோட வாதாடினது போதும். நீங்க வாதாடத் தெரிஞ்ச மனுஷர், அதனாலதான் ஓயவே மாட்டேங்கறது. இனிமே வேற வழி. தப்பைத் தப்பாவே விட்டுட்டு, அந்தப் பதைபதைப்போட சும்மா உக்காரப் பழகணும். அது ஏறும். நீங்க ஒண்ணும் பண்ணலேன்னா தானா இறங்கும். திருத்தினேள்னா, திருத்தினதாலதான் இறங்கித்துன்னு மனசு கத்துக்கும். அது கூடாது."

படிப்படியாகத் தொடங்கினார். முதல் படி, ஒரு வார்த்தை. யார் எதைக் கேட்டாலும் ஒரு வாரத்துக்கு 'சுமாராக' என்று சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"ஆபீஸிலுமா சார்?"

"ஐயையோ, பத்திரத்திலே வேண்டாம். அங்கே நீங்க நீங்களாவே இருங்கோ. கவர்மெண்டுக்கு உங்க வியாதி வேணும்."

அலுவலக வாசலில் ஒருவர் மணி கேட்டார். என் கடிகாரத்தில் பதினொன்று நாலு. "சுமாரா பதினொண்ணு" என்றேன். அவர் நன்றி சொல்லிப் போய்விட்டார். அவர் பின்னால் ஓடிப்போய் நாலு நிமிடத்தைக் கொடுக்கவேண்டும் போல் உடம்பு பரபரத்தது.  அவர் பஸ்ஸைத் தவறவிட்டால், அதனால் ஒரு நேர்காணலைத் தவறவிட்டால், என்று எண்ணம் விழுப்புரம்வரை போய்த் திரும்பியது. அரை மணி நேரத்தில் ஓய்ந்தது. நான் எதையும் செய்யவில்லை, அதுவாகவே ஓய்ந்தது. ஐம்பத்து மூன்று வயதில் அப்படி ஒன்று நடப்பதை முதன்முறையாகப் பார்த்தேன்.

மனைவிதான் இந்தப் படியை மிகவும் ரசித்தாள்.

"சாம்பார்ல உப்பு சரியா இருக்கா?"

"சுமாரா."

"என்னது?"

"டாக்டர் உத்தரவு."

"நான் எப்படி இருக்கேன், இந்தப் புடவையில?"

"சுமாரா."

"அந்த டாக்டரை ஒரு நாள் நான் நேர்ல பாக்கணும்."

இரண்டாவது படி, டயரியில் ஒரு நாளை எழுதாமல் விடுவது. இருபத்தாறு வருட டயரிகளில் ஏப்ரல் மாதத்துப் புதன்கிழமை ஒன்று மட்டும் வெறும் பக்கமாக இருக்கிறது. அன்று என்ன நடந்தது என்று இப்போதும் என்னால் வரிக்கு வரி சொல்ல முடியும். சொல்லப் போவதில்லை.

கடைசிப் படியை டாக்டரால் கொடுக்க முடியவில்லை. அது அவர் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. பங்குச்சாமியாருக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடமே கொடுத்தனுப்பினார். சாமியார் அதை வேப்பமரத்தடியில் இரண்டு முறை படித்தார்.

"நீங்க கூண்டுல சொன்னதை நான் யார்கிட்டயும் பேச முடியாது. அவர் எழுதினதை நான் படிக்கலாம்" என்றார். "உங்களைப் போல மனசு உள்ளவங்க, குருவானவர் சொன்னதுக்குக் கீழ்ப்படிஞ்சாப் போதும்னுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. இதை நான் உங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். எனக்கு முழங்கால் வலி, உங்ககூட மல்லுக்கட்ட முடியல, விட்டுட்டேன். இப்ப சொல்றேன். இனிமே எண்ணிக்கை கிடையாது. வகையும் கிடையாது. ஒரே வாக்கியம். எண்ணிக்கை சொன்னீங்கன்னா மன்னிப்புக் கொடுக்க மாட்டேன். திரும்பி வந்தீங்கன்னா பேசவே மாட்டேன்."

"இதை எழுத்துல கொடுப்பீங்களா சாமி?"

அவர் கடிதத்தைப் பார்த்தார். அதில் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார். 'எழுத்தில் கேட்பார், கொடுக்க வேண்டாம்' என்று டாக்டர் எழுதியிருந்தார்.

பூசை வியாழக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமை மாலை முழந்தாளிட்டேன். வலைக்குப் பின்னால் சாமியாரின் மூச்சு கேட்டது. ஒரே வாக்கியத்தைப் பஸ்ஸிலும் நடையிலும் தயாரித்திருந்தேன். அது மறந்துபோயிற்று.

"பாவம் செஞ்சிருக்கேன் சாமி."

"என்ன பாவம்?"

"சுமாரா, எல்லாம்."

உள்ளே ஓர் இருமல் கேட்டது. இருமல்தானா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை. பிறகு அவர் மன்னிப்பின் ஜெபத்தை, வழக்கத்தைவிட நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். நான் வெளியே வந்தேன். கோயில் வாசல்வரை போனேன். அங்கே என் கால்கள் தாமாகத் திரும்பின. சைக்கிள் நிறுத்துமிடத்துத் திட்டில் உட்கார்ந்துவிட்டேன். திட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளே விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். சாமியார் நொண்டியபடி வீட்டுக்குப் போவதைப் பார்த்தேன். கூப்பிடும் தூரம்தான். கூப்பிடவில்லை. நாற்பது நிமிடத்தில் எழுந்து வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறும் திங்களும் சமாளித்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை டாக்டர், "ஒண்ணும் புதுசாச் சொல்றதுக்கில்லே, போய்ப் பூசையைப் பாருங்கோ" என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்குப் பூசை. மனைவி அரக்கு நிறப் பட்டுப் புடவையில், நான் புது வேட்டியில், பீடத்துக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். எங்கள் முதுகுக்குப் பின்னால் கோயில் நிறைந்திருந்தது. வெள்ளிவிழாவுக்கு இவ்வளவு கூட்டம் வருவதில்லை. எதைப் பார்க்க வந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், மனைவிக்கும் தெரியும். அவள் முதுகை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிரசங்கம் வரை நன்றாக இருந்தேன். அதன்பின் அது வந்தது. சனிக்கிழமை நான் 'சுமாரா, எல்லாம்' என்று சொன்னது கீழ்ப்படிதலினாலா, சாமியாரைச் சிரிக்க வைக்கவா? சிரிக்க வைக்க என்றால் அது பாவசங்கீர்த்தனம் என்ற தேவதிரவிய அனுமானத்தை, அந்தப் புனிதச் சடங்கையே, கேலி செய்தது. கேலி செய்தது என்றால் மன்னிப்புச் செல்லாது. செல்லாத மன்னிப்போடு நன்மை வாங்கினால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம். இத்தனை கச்சிதமான எண்ணம் அதுவரை எனக்கு வந்ததில்லை. தொண்ணூற்றைந்து. நோட்டு ஸ்ரீரங்கத்தில் பூட்டிய அலமாரியில் இருந்தது.

மணி அடித்தது. சாமியார் பாத்திரத்தோடு படியிறங்கி, முழங்கால் வலியோடு, எங்களிடமே வந்தார். முதலில் மனைவிக்குக் கொடுத்தார். பிறகு என் முன்னால் நின்று, கையில் அப்பத்தை உயர்த்திப் பிடித்தார். என் வாய் திறக்கவில்லை. அவர் காத்திருந்தார். பின்னால் யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

எந்த வாதமும் எனக்கு உதவிக்கு வரவில்லை. டாக்டர் சொன்னது எதுவும் ஞாபகம் வரவில்லை. பக்கத்திலிருந்து, தலையைத் திருப்பாமல், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் பேசும் குரலில் மனைவி மெதுவாகச் சொன்னாள்:

"வாயைத் திறங்க."

திறந்தேன். எண்ணம் அப்படியே தொண்ணூற்றைந்தில் நின்றுகொண்டிருந்தது. அதை நிற்க விட்டுவிட்டு வாங்கிக்கொண்டேன். ஆறு வருடப் பழக்கமின்மையால் அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, பூசை முடியும்வரை கரையவில்லை. மனைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் எண்ணவில்லை.

பூசைக்குப் பிறகு பங்கு வீட்டு வராந்தாவில் எல்லோருக்கும் இட்லி. சாமியார் என்னைக் கண்டதும் தட்டோடு வேறு மூலைக்கு நகர்ந்தார். அவர் செய்தது சரிதான். நான் அவரைத் தேடித்தான் போய்க்கொண்டிருந்தேன். அப்போதுதான் மாதா சபைத் தலைவியம்மாள் என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"எத்தனை செபமாலை சொன்னேன் தெரியுமா டீச்சர், உங்க குடும்பத்துக்காக! ஒருவழியா விட்டுட்டாரா?"

மனைவி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் மூன்றடி தூரத்தில், கையில் தட்டோடு நின்றிருந்தேன். விடுவதற்கு எதுவும் இருக்கவில்லை, அது ஒரு மருத்துவர் வீடு, அவர் ஆண், வயது சுமார் நாற்பது, என்று முழுத் திருத்தமும் வரிசையாக என் நாக்கில் இருந்தது.

"ஆமாங்க" என்றாள் மனைவி. "விட்டுட்டாரு. மாதா புண்ணியம்."

தலைவியம்மாள் என் பக்கம் திரும்பினார். மன்னித்துவிட்ட முகம். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். மனைவியின் முகத்தில் ஆறு வருடமாக நான் காணாத ஒரு நிம்மதி இருந்தது. அது ஒரு பிழையின் மேல் உட்கார்ந்திருந்தது.

"சட்னி எங்க வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது, அடுத்த செவ்வாய்க்கிழமையும் டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார், இன்னும் சில மாதம் போக வேண்டியிருக்கும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள்.

"போங்க, போகாம இருக்காதீங்க" என்றாள். "இறங்கின உடனே தலை மட்டும் வாராதீங்க."